போர்ட்டோவில் மூட்டுவலியுடன் பத்து நாள்

ஐயா, ஐரோப்பாவில் மாதக்கணக்கில் பயணம் செய்துவரும் தாங்கள், மனைவியாரின் மூட்டுவலியை எண்ணிப் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரைக் கைவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நகரை விட வேண்டாம், தங்குமிடத்தை மாற்றினால் போதும். தாங்கள் பார்த்துவைத்திருக்கும் ரிபெய்ரா ஆற்றங்கரை கண்ணுக்கு அழகுதான் என்றாலும், அங்கிருந்து ஊருக்குள் செல்ல, மழை பெய்தால் வழுக்கும் கல் பாவிய செங்குத்துச் சந்துகளில் ஏறியாக வேண்டும். மேட்டிலுள்ள பட்டாலியா சதுக்கத்தருகே, லிஃப்ட் இருப்பதை உறுதிசெய்துகொண்டு (பழைய கட்டடங்கள் பலவற்றில் அது கிடையாது) அறை எடுத்தால், சரிவில் கம்பி வடத்தால் இழுக்கப்படும் கிந்தாய்ஷ் இழுவை ரயிலில் கரைப்பக்கம் இறங்கித் திரும்பலாம். 1886-இல் திறக்கப்பட்ட லூயிஸ் இரும்புப் பாலத்தின் மேல்தளத்தில் மெட்ரோ ஓடுவதால், தோரு ஆற்றையும் உட்கார்ந்தபடியே கடக்கலாம். இந்தப் பத்து நாளும் ஷெங்கன் விசாவின் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கில் சேரும் என்பதால், முன்பதிவுக்கு முன் இதுவரை தங்கிய நாள்களை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.