71-ஆம் நாளில் குதிகால் வலி: சேலஞ்சை முடிப்பதா, விடுவதா?

வாசகர் கேள்வி (ஈரோடு): எனக்கு வயது 44. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடமாகச் சர்க்கரை, மாத்திரை மெட்ஃபார்மின் மட்டும். நண்பர்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குழுவில் ‘100 நாள், தினமும் 10,000 அடி’ என்று சேலஞ்ச் வைத்திருக்கிறோம். ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இன்று 71-ஆம் நாள். கடை மூடி வந்த பிறகு, மீதி அடிகளை ராத்திரி ஹாலிலேயே நடந்து முடிப்பேன். இரண்டு வாரமாகக் காலையில் எழுந்து கால் ஊன்றினால் இடது குதிகாலில் ஆணி குத்துவது போல வலி. ஏற்கெனவே இரண்டு தடவை ஜிம்முக்குப் பணம் கட்டிப் பாதியில் விட்டவன் நான். இதையும் விட்டால் என் மேல் எனக்கே மரியாதை இருக்காது. வலியோடு முடித்துவிடலாமா?

மருத்துவர் பதில்: வலியோடு வேண்டாம். ஆனால் விடவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த ஹால்தான். டைல்ஸ் தரை, வெறுங்கால், பகலெல்லாம் உட்கார்ந்து இறுகிப்போன கெண்டைக்கால், மணி பதினொன்றரை. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த திசுப் பட்டை ஓடுகிறது. ஓயாத இழுப்பில் அது எலும்போடு சேரும் இடத்தில் நொந்துபோகிறது. தூங்கும்போது சுருங்கிக் கிடக்கும் பட்டை, காலையில் முதல் அடியில் வெடுக்கென்று இழுபடுவதால்தான் அந்த ஆணி குத்தல். நம் ஊரில் ‘குதிகால் வாதம்’ என்பது பெரும்பாலும் இதைத்தான். எக்ஸ்ரேயில் எலும்பு முள் போல நீட்டிக்கொண்டிருந்தாலும் பயப்படாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும்.

படுக்கையை விட்டு இறங்கும் முன் கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுத்து, பத்து எண்ணும்வரை வைத்திருங்கள். இப்படிப் பத்து முறை. பிறகு சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் கெண்டைக்காலை இழுக்க வேண்டும். 30 விநாடி, காலுக்கு மூன்று தடவை, காலையும் மாலையும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். சர்க்கரை இருப்பதால் சுடுதண்ணீர் ஒத்தடமோ ஐஸோ, காலில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். மரத்துப்போன காலை வெந்நீரில் வைத்துக் கொப்புளத்தோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நடப்பது கூடவே கூடாது. வலி அப்போதைக்கு அடங்கினாலும் கோளாறு அப்படியேதான் இருக்கும், சிறுநீரகத்துக்கும் ஆகாது.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயர் ‘மான்போ-கெய்’. ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள். பெயர் நன்றாக இருந்தது, எண் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு, 2022-இல், 15 ஆய்வுகளைச் சேர்த்து ஏறத்தாழ 47,000 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். 60 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடிக்குள்ளேயே, ஆயுள் கூடுவதில் கிடைக்கும் பலன் ஒரு மட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு நாள் 9,200-இல் நின்றால் குடி ஒன்றும் முழுகிவிடாது. (நானும் யோக்கியனில்லை. ஒரு ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து போனை ஆட்டி ஆட்டி 300 அடி சேர்த்திருக்கிறேன்.)

மூன்று வாரத்துக்கு உங்கள் கணக்கை 5,000 ஆக்குங்கள். அதையும் ஒரேயடியாக நடக்காமல், மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குதிகாலுக்குச் சுமை குறையும். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரைக்கும் இதுதான் நல்ல நேரம். மீதி நேரம் சைக்கிள் மிதிக்கலாம். வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி போன்ற தசைக்கான வேலையும் வேண்டும். அதை எந்தப் போனும் அடியாக எண்ணாது.

மரியாதை விஷயத்துக்கு வருகிறேன். ஜிம்மை நீங்கள் விட்டது ஒரு நாள் போகாததாலா? ஒரு நாள் போகாததும் ‘எல்லாம் போச்சு’ என்று நினைத்ததாலா? புதுப் பழக்கங்கள் எப்படிப் படிகின்றன என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2009-இல் வெளியானது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்ற கணக்கு, நடுவாக 66. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. உங்கள் குழுவின் ‘ஒன்றிலிருந்து’ விதி நேர் எதிர். விட்டவனை மொத்தமாக விடவைக்கும் விதி அது. ‘ஒரு நாள் விடலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் கூடாது’ என்று மாற்றச் சொல்லிப் பாருங்கள். மாற்ற மறுத்தால், இந்த மூன்று வாரம் சுவரில் கை ஊன்றி நிற்கும் போட்டோவைத் தினமும் அனுப்புங்கள்.

குதிகாலின் இரு பக்கத்தையும் சேர்த்து அழுத்தினால் உயிர் போகிற வலி, படுத்திருக்கும்போதும் வலி, வீக்கம், மரத்துப்போவது, சின்னப் புண் — இதில் எது இருந்தாலும் மூன்று வாரம் காத்திருக்காமல் உடனே நேரில் காட்டுங்கள். எலும்பில் நுண்ணிய விரிசலாகவும் இருக்கலாம். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து மணிக்குமேல் ஹாலில் நடை கிடையாது.