வறட்சி தாங்கும் ரகம் போட்டால் தண்ணீர் செலவு குறையுமா?

அப்படி நினைத்து விதை வாங்கினால் ஏமாற்றம்தான். வறட்சியைத் தாங்குவது வேறு, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது வேறு. ஆழமாக வேர் விடும் ரகம் அடிமண் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சித்தான் தப்பிக்கிறது. இலைத்துளையை மூடி ஈரம் காக்கும் ரகமோ கரியமில வாயுவையும் வெளியே நிறுத்திவிடும், மகசூல் அடிபடும். பையில் 'வறட்சி தாங்கும்' என்று கொட்டை எழுத்தில் அச்சடிப்பவர்கள், எந்தப் பருவத்து வறட்சி என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பருவம்தான் விஷயமே. மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் ஒரு வாரம் காய்ந்தாலும் பெரும்பாலும் தேறிவிடும். பூக்கும்போது காய்ந்தால், ஆண்பூ மகரந்தத்தை நேரத்துக்கு உதிர்த்துவிடும். மகரந்தத்தைப் பிடிக்க வேண்டிய பட்டிழை (கதிர் நுனியில் நீளும் நார்) மட்டும் உறைக்குள் முடங்கிக் கிடக்கும். அது எட்டிப் பார்க்கும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். அப்புறம் எவ்வளவு பாய்ச்சினாலும் பொக்கைவாய்க் கதிர்தான். நிலக்கடலையைப் பூக்கும் முன் சற்று வாடவிடலாம், ஒருசேரப் பூக்கும். பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது இறங்கும்போது மேல்மண் இறுகக் கூடாது. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுப்பதால், அங்கே ஈரமில்லையென்றால் அந்தச் சத்துக்காக ஜிப்சம் போட்டும் பருப்பில்லாத பொக்குதான்.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது கட்டிய தண்ணீர் வற்றிய பிறகே மறுபடி பாய்ச்சும் முறை. 30 செ.மீ. குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். களை அதிகமென்றால் இன்னும் தள்ளிப்போடுங்கள். குழாய் அடியில் தண்ணீர் தெரியாதபோது வயலில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். ஏக்கருக்கு அதுவே 2 லட்சம் லிட்டர். கட்டிய பிறகு குழாய்க்குள்ளும் வெளியிலும் மட்டம் ஒன்றாக இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது, குழாய் காட்டும் மட்டத்தை நம்பாதீர்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் காயவிடவே கூடாது.

சொட்டுநீர் போட்டால் போதுமே என்று யாராவது கிளம்புவார்கள். நான் அதற்கு எதிரி இல்லை. மண்ணிலிருந்து ஆவியாவதும் அடியில் வடிவதும் குறையும். ஆனால் பயிர் இலைவழி ஆவியாக விடும் தண்ணீர் குறையாது.

மேட்டுப்பயிரில் நடுப்பகல் இலைச் சுருளைப் பார்த்து மோட்டாரைப் போடாதீர்கள். 30 செ.மீ. தோண்டி ஒரு பிடி மண்ணை அழுத்துங்கள். உருண்டை நிற்கிறதா, நாளை பார்த்துக்கொள்ளலாம். தொட்டதும் உதிர்கிறதா, இன்றே பாய்ச்சுங்கள். மணற்பாங்கான நிலத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும். அங்கே உள்ளங்கையில் ஈரம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.