ஆராய்ச்சி நிதி கூடுகிறது, அதனால் பிறக்கும் அறிவு யாருக்குத் திறந்திருக்கும்?

தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, ஒரே நாடு ஒரே சந்தா, ஒரு இலட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதி என்று ஒன்றிய அரசின் அறிவிப்புகள் அடுத்தடுத்து வருகின்றனவே, இவற்றால் ஆராய்ச்சியும் திறந்த புத்தாக்கமும் உண்மையாகவே வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் வேதியியல் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். பணத்தைப் பொறுத்தவரை இவை மெய்யான முன்னேற்றங்கள். ஆனால் மக்கள் பணத்தில் உருவாகும் கட்டுரையும் தரவும் வடிவமைப்பும் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்தப் பணத்தோடு இறுகக் கட்டவில்லை. அதைச் செய்யாத வரை புத்தாக்கத்துக்குக் கிடைக்கவேண்டிய பலனில் பெரும்பகுதி கைநழுவிப் போகும் என்றே நினைக்கிறேன்.

முதலில் நிதிநிலையைப் பார்ப்போம். இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, 2020-21ஆம் ஆண்டுக்கான அரசின் கணக்கு இது. சீனா 2 விழுக்காட்டுக்கும் மேல் செலவிடுகிறது, தென் கொரியாவும் இஸ்ரேலும் 4 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. அந்த நாடுகளில் செலவின் பெரும்பங்கைத் தனியார் நிறுவனங்கள் ஏற்கின்றன. இங்கே தனியார் பங்கு ஏறத்தாழ 36 விழுக்காடுதான். நிறுவனங்கள் தம் ஆராய்ச்சிச் செலவுக்குப் பெற்றுவந்த கூடுதல் வருமானவரிக் கழிவு 2017 ஏப்ரல் முதல் 200 விழுக்காட்டிலிருந்து 150ஆகவும், 2020 ஏப்ரல் முதல் 100ஆகவும் குறைக்கப்பட்டது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். தனியார் துறை கூடுதலாகச் செலவிட வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அதற்கிருந்த முக்கியமான வரிச்சலுகை விலக்கிக்கொள்ளப்பட்டது.

இந்தப் பின்னணியில்தான் 2023இல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி அமைந்த அறக்கட்டளை, அதுவரை ஆய்வுத் திட்டங்களுக்குப் பணம் வழங்கிவந்த செர்ப் என்ற வாரியத்தைத் தனக்குள் இணைத்துக்கொண்டது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது இலக்கு. அதில் ஒன்றிய அரசு தருவது 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில்துறை, பொதுத்துறை நிறுவனங்கள், கொடையாளர்கள் ஆகியோரிடமிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. அதாவது, ஆராய்ச்சிக்குச் செலவிடத் தயங்குகிறது என்று நாம் குறைசொல்லும் அதே தொழில்துறையின் கையில்தான் இத்திட்டத்தின் பெரும்பகுதி இருக்கிறது. அந்தத் தொகை எவ்வளவு வருகிறது என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய முறையின் பெரிய குறை, நிதி ஐஐடிகளையும் மத்திய நிறுவனங்களையுமே சுற்றிச்சுற்றி வந்தது. நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் மிகப் பெரும்பாலானோர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளுக்கும் கிடைத்தது சிறு பங்குதான். அறக்கட்டளை தொடங்கியிருக்கும் பேர் (PAIR) என்ற திட்டம் இதைச் சரிசெய்ய முயல்கிறது. முன்னணி நிறுவனம் ஒன்று மையமாக இருக்க, வளர்ந்துவரும் பல்கலைக்கழகங்கள் அதோடு சேர்ந்து ஒரே ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றும் ஏற்பாடு அது. இதை நான் மனமார வரவேற்கிறேன். மையத்தில் இருப்பவர்கள் சிந்திக்க, சுற்றிலும் இருப்பவர்கள் மாதிரி சேகரித்துக் கொடுக்கும் வேலையாக மட்டும் அது சுருங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஒரு இலட்சம் கோடி ரூபாய்த் திட்டம் வேறு வகையைச் சேர்ந்தது. 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் பெற்று அவ்வாண்டு நவம்பரில் தொடங்கப்பட்ட அது மானியம் தராது. அறக்கட்டளைக்கு அரசு 50 ஆண்டு வட்டியில்லாக் கடனாகப் பணம் தரும். அறக்கட்டளை அதை நிதி மேலாண்மை நிறுவனங்களுக்கு வழங்கும். அவை தனியார் நிறுவனங்களுக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடனாகவோ பங்கு முதலீடாகவோ கொடுக்கும். ஆய்வகத்தில் ஓரளவு மெய்ப்பிக்கப்பட்ட தொழில்நுட்பத்தைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் கட்டத்துக்குத்தான் இது பொருந்தும். அடிப்படை ஆய்வு செய்யும் பேராசிரியருக்கோ முனைவர் பட்ட மாணவருக்கோ இதிலிருந்து நேரடியாக எதுவும் வராது. தலைப்புச் செய்தியில் வரும் பெரிய தொகையைப் பார்த்து, பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு இனிக் குறையில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

அடுத்தது ஒரே நாடு ஒரே சந்தா. 2024 நவம்பர் 25 அன்று அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்துக்கு 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை, 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்போர் படிக்கலாம். அவர்கள் தொகை ஏறக்குறைய 1.8 கோடி. பல்கலைக்கழக நூலகங்களை வலையமைப்பில் இணைக்கும் மையமான, காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் இதை ஒருங்கிணைக்கிறது. ஒரு கட்டுரையைப் படிக்க வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை முழுமையாகத் தெரியும். எங்கள் மாணவர்கள் இப்போது மூல ஆய்விதழ்களையே திறந்து படிக்கிறார்கள். அவர்களுடைய ஆய்வு முன்மொழிவுகளின் தரத்தில் அந்த வேறுபாடு தெரிகிறது.

ஆனாலும் இது திறந்த அறிவு ஆகாது. படிக்கும் உரிமையை மூன்றாண்டுகளுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஒப்பந்தம் முடிந்தால் மறுபடியும் பேரம் பேசித்தான் ஆக வேண்டும். இந்திய அறிவியலர்கள் வரிப்பணத்தில் ஆய்வு செய்து, ஊதியமில்லாமல் எழுதி, ஊதியமில்லாமல் பிறர் கட்டுரைகளை மதிப்பிட்டும் கொடுக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளையே பதிப்பகங்களிடமிருந்து நாம் விலைகொடுத்து வாங்குகிறோம். மேலும், இந்த வசதி அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் சிறு நிறுவனத்தின் பொறியாளரும், ஊரக மருத்துவமனை நடத்தும் மருத்துவரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும் வெளியே நிற்கிறார்கள். ஐந்தாவது அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கையின் 2020ஆம் ஆண்டு வரைவு, நாட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஆய்விதழ்களைப் படிக்கலாம் என்ற நிலையைத்தான் கனவாக முன்வைத்தது. அந்த வரைவு வரைவாகவே நின்றுவிட்டது. கட்டண ஆய்விதழ்களின் கட்டுரைகளை உரிமையாளர் அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் (Sci-Hub) போன்ற தளங்களை முடக்கத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்ட பிறகு, நிறுவனச் சார்பு இல்லாதவர்களுக்கு அந்தக் குறுக்குவழியும் இல்லை. புத்தாக்கம் என்பது பல்கலைக்கழக வளாகத்துக்குள் மட்டும் நிகழ்வதில்லை என்று சொல்லும் அரசு, வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களையும் இதில் சேர்த்திருக்க வேண்டும்.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2014 டிசம்பரிலேயே திறந்த அணுக்கக் கொள்கை ஒன்றை, அதாவது ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்யும் கொள்கையை, வெளியிட்டன. தங்கள் நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரைப் பிரதியை ஆய்வாளர் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். கொள்கை நல்லதுதான், செயலில் பெரிதாக எதுவும் நிகழவில்லை, ஏனென்றால் சேர்க்காவிட்டாலும் யாரும் கேட்கவில்லை, அடுத்த நிதி நின்றுவிடவும் இல்லை. சென்னையிலிருந்து பல்லாண்டுகளாகத் திறந்த அணுக்கத்துக்காக வாதாடிவந்த தகவல் அறிவியலர் சுப்பையா அருணாசலம் போன்றோர் வலியுறுத்தியதும் இத்தகைய கட்டாயத்தைத்தான். அமெரிக்காவில் வெள்ளை மாளிகையின் அறிவியல் அலுவலகம் 2022 ஆகஸ்டில் இட்ட ஆணையைத் தொடர்ந்து, தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் (என்ஐஎச்) நிதியில் எழுதப்படும் கட்டுரைகள் 2025 ஜூலை முதல் வெளியான அன்றே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. இங்கே இதற்குப் புதிய பணமே தேவையில்லை. கட்டுரையைக் களஞ்சியத்தில் சேர்த்ததற்கான எண்ணைக் காட்டினால்தான் அடுத்த தவணை என்று அறக்கட்டளை ஒரு வரி எழுதினால் போதும். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் இது நடந்தே இருக்கிறது: 2009ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக்குழு விதிமுறைக்குப் பின் ஷோத்கங்கா களஞ்சியத்தில் இலட்சக்கணக்கான ஆய்வேடுகள் சேர்ந்துவிட்டன, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

திறந்து வைத்தால் தொழில்துறைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது சக்தி நுண்செயலியைத்தான். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு, செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளை வரையறுக்கும் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பை அடிப்படையாகக் கொண்டு, ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் நிதியோடு அதை உருவாக்கியது. வடிவமைப்பு முழுவதும் திறந்த மூல உரிமத்தில் வெளியிடப்பட்டது. யாரும் எடுத்து மாற்றி விற்கலாம், உரிமத் தொகை கிடையாது. அந்தக் குழுவிலிருந்தே இன்கோர் என்ற நிறுவனம் பிறந்தது. சென்னையைச் சேர்ந்த மைண்ட்குரோவ், சக்தியை அடிப்படையாகக் கொண்ட சிப் ஒன்றை 2024இல் வெளியிட்டது. இஸ்ரோவும் சென்னை ஐஐடியும் சேர்ந்து வடிவமைத்த ஐரிஸ் என்னும் விண்வெளிக் கட்டுப்படுத்தி சண்டிகரை அடுத்த மொஹாலியிலுள்ள சிப் ஆலையில் தயாராகி 2025இல் இயங்கிக் காட்டியது. பூட்டிவைத்த காப்புரிமை ஒன்றைச் சுற்றி இத்தனை பேர் கூடியிருக்க முடியாது. சக்தியை உருவாக்கிய அனுபவத்தின் மீதுதான் 2022இல் டிஜிட்டல் இந்தியா ரிஸ்க்-ஃபைவ் திட்டம் எழுந்தது.

எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மருந்து மூலக்கூறு ஒன்றைச் சோதனைகள் வழியாகச் சந்தைக்குக் கொண்டுவர ஆகும் செலவை ஏற்பவருக்குக் காப்புரிமை தேவைப்படலாம். காசநோய்க்காக அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் 2008இல் தொடங்கிய திறந்த மூல மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டம் நூற்றுக்கணக்கான மாணவர்களை ஒரே பணியில் இணைத்த அரிய முயற்சி. ஆயினும் கணினி வழிப் பகுப்பாய்வைத் தாண்டி மருந்தை நோக்கி நகரும்போது தேவைப்படும் தொடர்ச்சியான பெருநிதி அதற்கு நிலைக்கவில்லை. திறந்த முறைக்கும் நீண்டகால நிதி வேண்டும் என்பதையே அது எனக்கு உணர்த்துகிறது. எதைத் திறப்பது, எதைக் காப்பது என்பதைத் திட்டம் தொடங்கும்போதே எழுதிவைக்க வேண்டும். அரசு நிதியில் பிறக்கும் கண்டுபிடிப்புகளின் உரிமை குறித்து 2008இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா, பெரும் எதிர்ப்புக்குப் பின் 2014இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பின் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: காலத்தில் வராத பணம் பாதிப் பணம்தான். ஒப்புதல் கிடைத்த திட்டத்தின் இரண்டாம் தவணை நிதியாண்டின் கடைசி வாரங்களில் வந்துசேரும்; மார்ச் 31க்குள் செலவிட்டுப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். என்னோடு பணியாற்றிய ஆய்வு மாணவர் மாதக்கணக்கில் உதவித்தொகை வராமல் விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினார். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு 37,000 ரூபாய், முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாய் என்று உயர்த்தியது நல்ல செய்தி. அது மாதந்தோறும் கைக்கு வந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. சில இடங்களில் அரசு செவிசாய்த்திருக்கிறது. ஆராய்ச்சி மானியத்துக்குக் கேட்கப்பட்ட ஜிஎஸ்டியிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு 2024 செப்டம்பரில் விலக்குக் கிடைத்தது. கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு அறிவியல் கருவிகளுக்கு 2025 ஜூனில் ஒரு இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சமானது. இத்தகைய சிறு திருத்தங்கள் செய்தியாவதில்லை. ஆய்வகத்தில் இருப்பவருக்கு ஒரு புதிய திட்டத்தைவிட இவை பெரிதாகத் தோன்றும்.

நீங்கள் ஆய்வு மாணவராக இருந்தால், உங்கள் நிறுவனம் ஒரே நாடு ஒரே சந்தாவில் பதிவாகியிருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். பல இடங்களில் பதிவு நடந்தும் மாணவருக்குச் செய்தி எட்டவில்லை. விலையுயர்ந்த கருவி தேவைப்பட்டால், ஆய்வுக் கருவிகளைப் பகிர்வதற்கான ஐ-ஸ்டெம் தளத்தில் எந்த நிறுவனத்தில் அது இருக்கிறது என்று பார்த்து முன்பதிவு செய்யலாம். புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியராக இருந்தால், தொடக்கநிலை ஆய்வாளருக்கான அறக்கட்டளையின் நிதிக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் தரவையும் கட்டுரையையும் எங்கே திறந்துவைப்பீர்கள் என்று ஒரு பத்தி நீங்களாகவே எழுதுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், மதிப்பீட்டாளராக அமரும்போது அந்தப் பத்தியைத் தேடியும் பார்க்கிறேன்.