பேட்டரியை நக்கிய கன்று செத்துவிட்டது: தாய்ப்பசுவின் பாலைக் குடிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். அரை ஏக்கர் தேயிலை, அதற்குக் கீழே கொஞ்சம் கேரட், பீன்ஸ். காட்டெருமைக்காகப் போட்ட சோலார் வேலியின் பழைய பேட்டரி உடைந்து கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. நான்கு மாதக் கிடேரிக் கன்று அதை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து விரட்டினேன். அடுத்த சில நாளில் கன்று பல்லை நறநறவென்று கடித்தது, வாயில் நுரை, கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. இரண்டே நாளில் செத்துவிட்டது, புதைத்துவிட்டோம். இப்போது அதன் தாயும் (ஜெர்சி கலப்பு) சரியாகத் தின்பதில்லை, சாணம் இறுகிப் போகிறது. பால் வீட்டுக்கும் சொசைட்டிக்கும் போகிறது. குடிக்கலாமா? அந்த இடத்தில் கேரட் விதைக்கலாமா? கொடைக்கானல் பாதரசம் மாதிரி எங்கள் மண்ணும் கெட்டுவிட்டதா? பசுவை விற்றுவிடச் சொல்கிறார்கள் வீட்டில்.

பதில்: அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். இன்று கறக்கும் பாலிலிருந்தே வீட்டுக்கும் கொடுக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள். அந்தப் பழைய பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடு; நீங்கள் சொல்லும் அறிகுறிகளும் ஈய விஷத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. மாட்டின் ரத்தத்தில் ஏறிய ஈயம் பாலிலும் இறங்கும். காய்ச்சினால் கிருமி சாகும், ஈயம் போகாது; தயிராக்கினாலும் போகாது. ஒரு கிலோ பாலில் 0.02 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது விதி. அவ்வளவு சிறிய அளவை நிறத்திலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. மடியில் தேங்கவிடாமல் கறந்து, ஓடையை விட்டுத் தள்ளி ஒரு குழியில் ஊற்றி மூடிவிடுங்கள். கஷ்டம்தான், ஆனால் பால் குடிக்கும் குழந்தைகளை நினைத்துத்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் தள்ளிப்போட வேண்டாம். நுரை, தடுமாற்றம், முட்டல் எல்லாம் வெறிநாய்க்கடி நோயிலும் வரும். கன்றைச் சோதிக்காமலே புதைத்துவிட்டதால் அது இல்லை என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. அதன் வாயில் கைவிட்டு மருந்து ஊற்றியவர்களோ, கையில் காயத்தோடு எச்சிலைத் தொட்டவர்களோ இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் விவரத்தைச் சொல்லித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பசுவின் வாயிலும் இப்போது வெறுங்கையை விட வேண்டாம்.

பசுவுக்கு 1962 என்ற கால்நடை உதவி எண்ணை அழைத்துக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். பேட்டரி விஷயத்தை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண வயிற்று மந்தம் என்று நினைத்து மருந்து கொடுத்துவிட்டுப் போக வாய்ப்புண்டு. ரத்தம் எடுத்து ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். 0.35 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 0.35 பங்கு) அளவைத் தொட்டால் ஈய விஷம் என்றே கொள்ளலாம். ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்ற கால்சியம் இ.டி.டி.ஏ. ஊசி, மூளைக்குத் துணையாக தயமின் (பி1) ஊசி, வயிற்றில் இருப்பது ரத்தத்தில் சேராமல் இருக்க எப்சம் உப்பு என்று வைத்தியம் போகும். அளவு எல்லாம் மருத்துவர் கையில். நீங்களாக எதையும் வாங்கிப் போடாதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேட்டரித் தகட்டின் துண்டை மாடு விழுங்கியிருந்தால் அது சாணத்தோடு வந்துவிடாது. கனமான பொருள் என்பதால் இரண்டாவது வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டு, மாதக்கணக்கில் கரைந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஊசி போட்டதும் மாடு தெளிவாகும், தீவனம் தின்னும், அப்புறம் மறுபடி படுக்கும். அதனால் ஒரு முறை ரத்தம் பார்த்தது போதாது. சில வாரம் விட்டு மறுபடி பார்த்து, அளவு இறங்கி நிலைத்திருக்கிறதா என்று தெரிந்த பிறகு, பாலையும் தனியாகச் சோதித்துவிட்டுத்தான் குடிப்பதைப் பற்றிப் பேச வேண்டும். அது பல மாதம் ஆகலாம்.

கன்று முந்திக்கொண்டதற்கும் காரணம் உண்டு. பால்குடிக் கன்றின் குடல், பெரிய மாட்டின் குடலை விட அதிக ஈயத்தை இழுக்கும். தாது உப்புக் குறைந்த மாடுகள் எலும்பு, தோல், மண், இரும்பு என்று கண்டதையும் நக்கும். உடம்பில் கால்சியம் குறைந்தால் ஈயம் இன்னும் சுலபமாக ஏறும். கொட்டகையில் தாது உப்புக் கலவை தினமும் இருக்கட்டும்.

மண்ணுக்கு வருகிறேன். கொடைக்கானலில் 1983 முதல் 2001 வரை ஓடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் சிந்தியது பாதரசம். அது சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றோடு போகும், நீர்நிலையில் இறங்கினால் மீனில் சேரும். ஈயத்துக்கு அந்தச் சுபாவம் இல்லை. விழுந்த இடத்திலேயே மேல்மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆகவே உங்கள் நிலம் முழுக்கக் கெட்டுவிடவில்லை. பேட்டரி கிடந்த இடமும் அதைச் சுற்றிச் சில அடியும்தான் கெட்டிருக்கும். ஆனால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கவும் முடியாது. 1986-ல் செர்னோபிலில் வெளியேறிய சீசியம்-137 கூட 30 வருடத்தில் பாதியாகக் குறைகிறது. ஈயம் அப்படித் தேய்வதே இல்லை. நம் மலை மண்ணின் புளிப்பு வேறு, அதைக் கரைத்துவிட உதவி செய்யும்.

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழைதான் பெரிய மழை. அதற்குள் இதை முடியுங்கள், இல்லையென்றால் சரிவில் கழுவிக்கொண்டு கீழே கேரட் பாத்திக்கே வந்துவிடும். முகத்தில் மாஸ்க், கையில் ரப்பர் உறை. தூசி பறக்காத அளவுக்கு மட்டும் மண்ணை நனைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துண்டு, சாம்பல் நிறப் பொடி, வெள்ளை பூத்த தகடு, எது கண்ணில் பட்டாலும் பொறுக்குங்கள். பேட்டரி கிடந்த இடத்தையும் சுற்றி ஆறேழு அடியையும் அரை அடி ஆழத்துக்குச் சுரண்டி, தடித்த சாக்கில் கட்டிக் கூரைக்குக் கீழே வையுங்கள். ஓடையில் கொட்டுவதும் எரிப்பதும் கூடவே கூடாது. மண்ணை எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். உடைந்த பேட்டரி, விற்ற கடைக்கே போகட்டும். பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன.

சுரண்டிய பிறகும் அந்தத் துண்டு நிலத்தில் கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், கீரை வேண்டாம். கிழங்கின் தோலிலும் இலையிலும் ஒட்டும் மண்தான் ஈயத்தை வாய் வரை கொண்டுவரும். பீன்ஸ், பட்டாணி போன்ற காய்க்குள் ஈயம் குறைவாகத்தான் போகும். இருந்தாலும் மண்ணில் ஈயத்தைச் சோதித்த பிறகே விதையுங்கள். வழக்கமான மண்வள அட்டைச் சோதனையில் ஈயம் வராது, தனியாகக் கேட்க வேண்டும். அட்டை சொல்லும் அளவுக்கு டோலமைட் (சுண்ணாம்பு வகைக் கல்லின் பொடி) போட்டுப் புளிப்பைக் குறைத்தால் ஈயம் கரைவதும் குறையும். அங்கே முளைக்கும் கிக்குயு புல்லை அறுத்து மாட்டுக்குப் போடாதீர்கள், கோழியையும் மேயவிடாதீர்கள். முட்டையிலும் ஈயம் வரும். பலரும் மறப்பது சாணத்தை. வயிற்றில் துண்டாகத் தங்காத ஈயத்தில் பெரும்பங்கு சாணத்தில்தான் வெளியே வரும். இந்தப் பசுவின் சாணம் இப்போதைக்குக் காய்கறிப் பாத்திக்குப் போக வேண்டாம்.

பசுவை விற்க வேண்டாம் அம்மா. வாங்குகிறவர் வீட்டிலும் பால் குடிக்கும் பிள்ளை இருக்கும். இறைச்சிக்குப் போனாலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் எலும்பிலும் ஈயம் சேர்ந்திருக்கும். சொசைட்டியில் இன்றே நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பாலைக் குடித்த, கொட்டகைக்குப் பின்னால் விளையாடிய குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கு அந்த இடம் ஏற்கெனவே தெரியும். ஊரில் சோலார் வேலி போட்ட மற்றவர்களின் கொட்டகைப் பின்புறத்தையும் ஒரு தடவை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.