வாசகர் கேள்வி: படகுக்கு வழிவிடும் சாலை

கேள்வி: லண்டன் டவர் பாலத்தில் ஒரேயொரு பாய்மரப் படகு கடப்பதற்காக இருபுறமும் வாகனங்களை நிறுத்திவைக்கிறார்களாமே? கப்பல் போகும் உயரத்துக்கு நிலையான பாலமே கட்டியிருக்கலாம் அல்லவா? அவ்வளவு கனமான சாலையை எப்படித் தூக்குகிறார்கள்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உயரமான பாலம் என்ற யோசனை அன்றே எழுந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கு லண்டனில் மக்கள்தொகை பெருகியதால் புதிய பாலம் தேவைப்பட்டது. ஆனால், தேர்ந்தெடுத்த இடத்துக்கு மேற்கே, லண்டன் பாலம் வரையிலும் (பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுகிறார்கள்) சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைகள் இருந்தன. நெடிய பாய்மரங்களுக்கு இடம்விடும் உயரத்தில் சாலை அமைத்தால், குதிரை வண்டிகள் ஏறுவதற்கேற்ற நீண்ட சரிவுப் பாதைகளுக்காக இரு கரைகளிலும் பெருமளவு நிலத்தை இழக்க வேண்டியிருக்கும். ஆகவே, கட்டடக் கலைஞர் ஹோரஸ் ஜோன்ஸும் பொறியாளர் ஜான் வுல்ஃப் பாரியும் முன்வைத்த தூக்குப் பால வடிவம் ஏற்கப்பட்டது. 1886இல் தொடங்கிய வேலை முடிந்து, 1894 ஜூன் 30 அன்று பாலம் திறக்கப்பட்டது.

பாலம் உயர்ந்திருக்கும்போதும் பாதசாரிகள் ஆற்றைக் கடக்கட்டும் என்று கோபுரங்களுக்கு இடையே மேல்நடைபாதைகளும் கட்டினார்கள். படியேறுவதைவிடப் பாலம் இறங்கும்வரை காத்திருப்பதே மேல் என்று பெரும்பாலோர் நினைத்ததால் 1910இல் அவற்றை மூடிவிட்டனர். 1982இல்தான் அவை பார்வையாளர்களுக்காக மீண்டும் திறக்கப்பட்டன. உயரமான பாலத்தை மக்கள் எவ்வளவு விரும்பியிருப்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தூக்கும் முறைக்கு வருவோம். நடுவில் சந்திக்கும் இரு சாலைப் பகுதிகளும் தனித்தனியே ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ளவை. எனினும், ஒவ்வொன்றின் பின்முனையிலும், கோபுரத்தின் அடிப்பகுதிக்குள், ஈயமும் இரும்பும் கொண்ட எதிர்எடை பொருத்தப்பட்டிருப்பதால், கிணற்று ஏற்றத்தைப் போல இருபக்கமும் ஏறத்தாழச் சமநிலையில் இருக்கின்றன. இயந்திரம் முழு எடையையும் சுமக்க வேண்டியதில்லை, அச்சின் மேல் சுழற்றிவிட்டால் போதும். தொடக்கத்தில் நீராவி இயந்திரங்கள் நீரை அழுத்தத்தில் சேமித்துவைத்து, அந்த விசையால் பாலத்தை உயர்த்தின. 1976 முதல் மின்சாரமும் எண்ணெய் அழுத்தமும் அந்த வேலையைச் செய்கின்றன.

ஆற்றுக்கே முன்னுரிமை என்ற ஏற்பாடு பாலத்தை அனுமதித்த 1885ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருகிறது. முப்பது அடிக்கு மேல் உயரமுள்ள எந்தக் கலமும் 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவித்துவிட்டால், கட்டணம் ஏதுமின்றிப் பாலம் திறக்கப்படும். முதல் ஆண்டில் ஆறாயிரம் முறைக்கு மேல் உயர்ந்த பாலம் இப்போது ஆண்டுக்குச் சுமார் எண்ணூறு முறை உயர்கிறது. பதவியும் இதில் செல்லாது: 1997 மே மாதம் ஒரு பாய்மரப் படகுக்காகப் பாலம் உயர்ந்தபோது, அவ்வழியே சென்ற அமெரிக்க அதிபர் பில் கிளின்டனின் வாகன அணி இரண்டாகப் பிரிந்து, பின்பகுதி பாலம் இறங்கும்வரை நின்றது.