1944இல், உலகப் போர் நடக்கும்போதே ஐஸ்லாந்து எப்படிக் குடியரசானது?

முதல் காரணம் சட்டம்தான். டென்மார்க்குடன் 1918இல் செய்த ஒப்பந்தத்தின்படி, 25 ஆண்டுகள் ஆனபின் பிரிந்துபோக வழி இருந்தது. அதற்குள் போர் வந்துவிட்டது. டென்மார்க் ஜெர்மனி பிடியில். ஐஸ்லாந்தில் 1940இல் பிரிட்டிஷ் படை இறங்கியது, மறு ஆண்டே அமெரிக்கர்களும் வந்தார்கள்.

1944 மே மாதம் பொதுவாக்கெடுப்பு. 98 விழுக்காட்டுக்கும் மேலானோர் வாக்களித்தார்கள், கிட்டத்தட்ட எல்லாருமே பிரிவுக்கு ஆதரவு. இந்தச் சமயத்தில் முடிவெடுக்க வேண்டாம் என்று இரு நாடுகளுக்கும் மன்னராக இருந்த பத்தாம் கிறிஸ்டியன் கேட்டுப் பார்த்தார், எடுபடவில்லை. கட்டுண்டு கிடந்த நாட்டை விட்டு விலகியது அவசரம் என்று அங்கேயே சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் நியாயம் தெரிகிறது.

ஜூன் 17, விடுதலைத் தலைவர் யோன் சிகுர்ட்சனின் பிறந்தநாள். பழைய நாடாளுமன்றம் கூடிய திங்வெட்லிரில் குடியரசை அறிவித்தார்கள். அன்று பார்த்து நல்ல மழை! ஆயிரக்கணக்கான பேர் நனைந்தபடியே நின்றார்கள். மன்னரின் வாழ்த்துத் தந்தியை அங்கேயே வாசித்தபோது ஒரே ஆரவாரம்.

முதல் அதிபர் ஸ்வெய்ன் பியோர்ன்சனை மக்கள் அல்ல, நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. அப்புறம் அக்டோபரில் ஓலாபுர் தோர்ஸ் பிரதமராகிக் கூட்டணி அரசு அமைத்தார். போர்க்காலத்தில் பிரிட்டனுக்கு மீன் விற்றுச் சேர்ந்த பணத்தைப் புதிய மீன்பிடிக் கப்பல்களில் போடுவதுதான் அந்த அரசின் முக்கியத் திட்டம்.