வாசகர் கேள்வி பதில்: பன்சலை (பௌத்த விகாரை) ஊரில் ஒரு ஜெபக் குழு

கேள்வி: எங்கள் சபை வெள்ளவத்தையில் இருக்கிறது. ஹொரணைப் பக்கத்தில் சபை நாட்டும் எண்ணத்தோடு ஆறு மாதமாக ஒரு சிங்கள வீட்டில் கூடுகிறோம். வருகிறவர்கள் அன்பாகக் கேட்கிறார்கள். ஆனால் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. எங்கே பிழை?

பதில்: பெரும்பாலும் சொற்களில். ‘மறுபடியும் பிறத்தல்’ சிங்களத்தில் ‘நெவத இபதீம’ ஆகிறது. பௌத்தரின் காதில் அது மறுபிறவி. சீலம் என்னும் ஒழுக்க விதிகளைக் காத்து அவர் விடுபட நினைப்பதே அதிலிருந்துதான். ‘நித்திய ஜீவன்’ என்றால் முடிவே இல்லாத சங்சாரம், அதாவது பிறவிச் சுழற்சி. நற்செய்தி என்று நீங்கள் நீட்டுவது அவருக்குத் தண்டனையாகக் கேட்கிறது. யோவான் 3இல் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு ‘மேலிருந்து’ என்றும் பொருள் உண்டு. அந்தப் பொருளில் விளக்குங்கள். நித்திய ஜீவனைக் கால நீளமாகச் சொல்லாமல், யோவான் 17:3 சொல்கிறபடி பிதாவை அறிகிற உறவாகச் சொல்லுங்கள்.

‘தேவன்’ என்ற சொல்லிலும் இதே சிக்கல். விஷ்ணுவும் கதிர்காமத் தெய்வமும் அவர்களுக்குப் புத்தருக்குக் கீழ்ப்பட்டவர்கள், கர்மத்துக்கு உட்பட்டவர்கள். எடுத்த எடுப்பில் “தேவன் உங்களை நேசிக்கிறார்” என்றால் அந்த வரிசையில் இன்னொருவரைச் சேர்த்ததாகவே முடியும். ஆதியாகமம் 1இலிருந்து படைப்பைச் சொல்லித் தொடங்குங்கள். சிலுவைக்கும் அவசரப்பட வேண்டாம். ஒருவருடைய கர்மத்தை இன்னொருவர் சுமக்க முடியாது என்று வளர்ந்தவருக்கு, அப்படிக் கோரமாகச் செத்தவர் முற்பிறவியில் என்ன பாவம் செய்தாரோ என்றுதான் முதலில் தோன்றும். லூக்கா சுவிசேஷத்தை மாதக்கணக்கில் வாசியுங்கள். இயேசு யாரோடு சாப்பிட்டார், யாரைத் தொட்டார் என்று பார்க்கட்டும். கெட்ட குமாரன் கதையில் கொழுத்த கன்றை அடிக்கும் இடம் வரும்போது கவனம். உயிர்க்கொலை முதலாம் சீலத்தை மீறுவது. கேட்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

புத்தரைப் பற்றி ஒரு தாழ்வான சொல்லும் வேண்டாம். 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் மெதடிஸ்த போதகர் டேவிட் டி சில்வாவும் பௌத்த துறவி மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் மேடையேறி வாதாடினார்கள். அந்த விவாதத்தின் ஆங்கில அறிக்கையை வாசித்தவர்தான், 1880இல் இங்கே வந்து பௌத்தப் பாடசாலைகளுக்குத் துணை நின்ற அமெரிக்கர் ஒல்கொட். வாதத்தால் சபை வளரவில்லை.

கேள்வி: எங்கள் குழுவில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு தங்கச்சியின் அம்மா இறந்துவிட்டார். பிக்குமார் வந்து நடத்தும் பாங்சுகூலம் என்ற மரணச் சடங்கில் மகள் என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலை, வீட்டுக்குப் போவது. ஞானஸ்நானம் பெற்ற மகள் வரவில்லை என்பது அந்த ஊரில் தலைமுறைக்கும் மறக்கப்படாது. “இந்தச் சமயம் பிள்ளையைப் பெற்றவளிடமிருந்து பிரித்தது” என்பார்கள். அப்படி ஒரு கதவு மூடினால் எங்களால் திறக்க முடியாது.

அவர் வெள்ளை உடுத்து அம்மாவின் பக்கத்தில் இருக்கட்டும். வருகிறவர்களுக்குத் தேநீர், சமையல், வெள்ளைக் கொடி கட்டுவது எல்லாவற்றிலும் கை கொடுக்கட்டும். பிக்குமார் வரும்போது எழுந்து நிற்கட்டும். சிக்கல் இரண்டு இடத்தில்தான்: வெள்ளைத் துணியை பிக்குவிடம் ஒப்புக்கொடுப்பதும், கோப்பை நிரம்பி வழியும்வரை நீர் வார்த்துப் புண்ணியத்தை இறந்தவருக்குச் சேர்ப்பதும். இதில் மனச்சாட்சி இடம்கொடாவிட்டால், முதல் நாளே அண்ணாவோடோ மாமாவோடோ தனியாகக் கதைத்து, வார்க்கும் கைகளில் தன் கை இல்லாதபடி ஒழுங்குசெய்ய வேண்டும். பிக்குமார் முன்னால் கடைசி நிமிடத்தில் மறுத்தால் குடும்பத்துக்கே அவமானம். ஏழாம் நாள், மூன்றாம் மாதம், ஒரு வருடம் என்று இறந்தவருக்காகப் பிக்குமாருக்கு உணவளிக்கும் தானங்களுக்கும் இதே வழி; மரக்கறி வெட்டவும் சோறு பரிமாறவும் தடையில்லை.

சித்திரைப் புத்தாண்டில் வெற்றிலை கொடுத்துப் பெற்றோரின் காலில் விழுவது வேறு விஷயம். அது பெற்றோரைக் கனம்பண்ணுவது. தாராளமாகச் செய்யலாம் என்பதே எங்கள் முடிவு.

கேள்வி: வீட்டில் ஜெபிக்க அமைச்சின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்று கிராம சேவகர் கேட்கிறார். உண்மையா?

பதில்: அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆம் உறுப்புரை மதச் சுதந்திரத்தையும், 14(1)(உ) தனியாகவோ கூடியோ வழிபடும் உரிமையையும் உறுதிசெய்கின்றன. பிந்தியது பிரஜைகளுக்கு மட்டும். அதிகாரிகள் காட்டுவது அநேகமாக அமைச்சின் 2008 சுற்றறிக்கை. அது புதிய வழிபாட்டுத் தலம் கட்டுவதைப் பற்றியது, பாராளுமன்றம் இயற்றிய சட்டமும் அல்ல. வாக்குவாதப்படாமல், கோரிக்கையை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பிறகு சட்டத்தரணியைப் பாருங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: 2003இல் உயர் நீதிமன்றம் மதத்தைப் பரப்பும் உரிமை தனியாகக் காக்கப்பட்டதல்ல என்றது. சுற்றுலா விசாவில் வந்தவரைப் பிரசங்கிக்க வைக்காதீர்கள்.

முறைப்பாடுகள் பெரும்பாலும் சத்தத்திலும் வாகன நெரிசலிலும்தான் தொடங்குகின்றன. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒலிபெருக்கி எதற்கு? போயா (பௌர்ணமி) விடுமுறை என்பதால் கொழும்புச் சபைகள் அன்று உபவாச ஜெபம் வைப்பது வழக்கம். அயலார் சில் எடுத்து (அன்றைக்குச் சீலம் காத்து) வெள்ளையில் பன்சலைக்குப் போகும் ஊரில், அதே நாளில் கிட்டாரும் ட்ரம்ஸும் சண்டைக்கு அழைப்பதுபோல. வேறு நாள் பாருங்கள்.

கேள்வி: வெள்ள நிவாரணப் பொதிகளைக் கூட்டத்தில் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பொதி வேறு நாளில், வேறு இடத்தில், கூட்டத்துக்கு வராத வீடுகளுக்கும் சேர்த்துப் போகட்டும். துண்டுப் பிரசுரம் உள்ளே வைக்காதீர்கள். பெயர்ப் பட்டியலை ஊர்ச் சங்கமே தயாரிக்கட்டும். பன்சலை மண்டபத்தில் பகிர்வதற்கு அங்குள்ள தலைமைப் பிக்குவான நாயக்க தேரர் சம்மதித்தால் இன்னும் நல்லது.